எண்ணிப் போட்ட தையல்: சிட்லிங்கி லம்பாடிப் பூவேலை பற்றி ஒரு குறிப்பு

நாலு நாளா ஒரே கட்டத்தைப் போடுறதும் பிரிக்கிறதுமா இருக்கேன். ரெண்டங்குலத்துக்கு ரெண்டங்குலம்தான் அளவு. போன வருஷம் வாங்கின ஒரு மெத்தைத் தலையணை உறையில் இந்தக் கட்டம் ஒன்பது முறை வருகிறது. தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்கள் கையால் போட்டது. அவுரி நீலத் துணி, அதன்மேல் சிவப்பு, மஞ்சள், வெள்ளை நூல். இதைப் பற்றி எழுதணும்னு ரொம்ப நாளா ஒரு எண்ணம். ஊசியைக் கையில் எடுக்காமல் தையலைப் பற்றி எழுதுவது சரியாகப் படவில்லை. சரி, ஒரு கட்டம் நாமே போட்டுப் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தப்பு துணியிலேயே. வீட்டில் கிடந்த லைனிங் துணியை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரி கார்பன் பேப்பர் வைத்து டிசைனை வரைந்தேன், வளையத்தில் மாட்டினேன், ஆங்கர் நூலில் ரெண்டு இழை பிரித்துக் கோத்தேன். மூணாவது வரிசையிலேயே கட்டம் சாய ஆரம்பித்துவிட்டது. என்னடா இது என்று உறையை எடுத்து, அம்மாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதில் வரைந்த கோடே கிடையாது. துணியின் பாவும் ஊடையும்தான் கோடு. இத்தனை இழை விட்டு ஊசியை இறக்கு, இத்தனை இழை தள்ளி ஏற்று என்று எண்ணிக்கொண்டே போட்டிருக்கிறார்கள். மில் துணியில் இழைகள் அவ்வளவு நெருக்கமாக இருக்கும், எண்ணவே முடியாது. கையால் நெய்த, கொஞ்சம் தளர்ந்த நெசவில்தான் இந்தத் தையல் உட்காரும். ஆக, தையல் வேலை தறியிலேயே பாதி முடிந்துவிடுகிறது. இதை எந்தக் கட்டுரையிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. லைனிங் துணியில் தோற்றபோது தெரிந்தது.

அப்புறம் தர்மபுரி கடைத்தெருவில் மேட்டி துணி அரை மீட்டர் வாங்கிவந்து மறுபடி தொடங்கினேன். மேட்டியில் இழைகள் ஜோடி ஜோடியாகப் பின்னியிருக்கும், எண்ணுவது சுலபம். அப்படியும் மூணு முறை பிரித்தேன். எங்கேயோ ஒரு இழை விட்டுப்போகும். அது அந்த இடத்தில் தெரியாது, எட்டு வரிசை தாண்டி எதிர்ப்பக்க மூலையில் போய்த் தெரியும். அதுவரைக்கும் போட்டது அத்தனையும் போச்சு.

சிட்லிங்கி கதை பலருக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தாக்கு அது. அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போக வேண்டும். 1993இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் அங்கே போய், ஒரு கூரைக் கொட்டகையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். ‘டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்தது. மலைவாழ் மக்களோடு அங்கே லம்பாடித் தாண்டாக்களும் உண்டு. லம்பாடிகள் ஒரு காலத்தில் பொதிமாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றி நாடு முழுக்கச் சுற்றியவர்கள், படைகளுக்கே தானியம் சுமந்து போனவர்கள். ரயில் வந்ததும் அந்தத் தொழில் போனது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் இப்படி அலைந்து பிழைத்த பல கூட்டங்களைக் குற்றவாளிகளாக்கி ஒரே இடத்தில் முடக்கியது. மாடு போய், பயணம் போய், கடைசியில் உடையும் போனது. பேட்டியா என்கிற பாவாடையும், முதுகு திறந்த காஞ்சலி ரவிக்கையும், தலைத்துணியும் பெட்டியில் தங்கிவிட்டன. சேலை வந்தது. உடை போனதும் அதில் போட்ட தையலுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. 2006 வாக்கில் டாக்டர் லலிதா இதைக் கவனித்துக் கேட்டபோது, தையல் நினைவிருந்தது வயதான ஒன்றிரண்டு பெண்களுக்கு மட்டும்தான். அவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, ‘போர்கை’ என்ற கைவினைஞர் அமைப்பு உருவானது. போர்கை என்றால் லம்பாடி மொழியில் பெருமிதம் என்று அர்த்தம்.

லம்பாடி மொழிக்குத் தனியாக எழுத்து இல்லை. பாடப்புத்தகமோ, கட்டம் போட்ட மாதிரிப் படமோ இல்லாமல், பாட்டியின் விரலிலிருந்து பேத்தியின் விரலுக்கு எண்ணிக்கையாகவே கைமாறிய விஷயம் இது. நடுவில் ஒரு தலைமுறை எண்ணாமல் விட்டாலே அறுந்துபோகும். கிட்டத்தட்ட அறுந்தும் போனது.

இனி என் புகாருக்கு வருகிறேன். புகார் தையல் மேல் இல்லை. அதைப் பாராட்டும் விதத்தின் மேல்.

நகரத்துக் கைவினைக் கடைகளில் தொங்கும் துணிகளில் ஒரு சீட்டு கட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ‘இதில் காணும் சிறு குறைகள் கைவேலையின் அடையாளம், அவையே இதன் அழகு’ என்கிற மாதிரி எழுதியிருக்கும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்பது கட்டத்தையும் பூதக்கண்ணாடி வைத்து எண்ணிப் பார்த்தேன். ஒரு இழைகூடத் தப்பவில்லை. துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். அங்கேயும் நூல் தாறுமாறாகத் தாவவில்லை, முடிச்சுகள் தையலுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. இதில் ‘சிறு குறை’ எங்கே இருக்கிறது? எண்ணித் தைக்கிறவளுக்குக் குறை என்பது குறைதான், பிரித்துவிட்டு மறுபடி போடுவாள். அவள் ஒழித்துக்கட்டிய ஒன்றை அவளுடைய அழகு என்று நாம் எழுதி ஒட்டுகிறோம். ‘பாவம், கையால பண்றாங்க, அப்படி இப்படித்தான் இருக்கும்’ என்கிற இரக்கம்தான் அதில் இருக்கிறது, கொஞ்சம் நாகரிகமான வார்த்தையில்.

இந்த எண்ணத்துக்கு ஒரு நீண்ட பரம்பரை உண்டு. ஜான் ரஸ்கின் 1853இல் வெனிஸ் நகரக் கட்டடங்களைப் பற்றி எழுதியபோது, குறையுள்ள வேலைதான் சுதந்திரமான தொழிலாளியின் அடையாளம் என்று வாதாடினார். இங்கிலாந்தில் மெஷின் மனிதனை மெஷினாக்கிக்கொண்டிருந்த நேரம், அவர் கோபத்துக்கு நியாயம் இருந்தது. அவர் மனதில் இருந்தது கல் செதுக்குகிறவன். ஒவ்வொரு இலையையும் அவன் தன் மனம்போல் வளைக்கலாம். எண்ணித் தைப்பதில் சுதந்திரம் வேறு இடத்தில் இருக்கிறது. எந்த வரிசையில் மஞ்சளைக் கொண்டுவருவது, எங்கே வெள்ளையை நிறுத்துவது, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு நீலத்தை வெறுமனே விடுவது என்பதில் இருக்கிறது. என் உறையில் ஒன்பது கட்டத்தில் ஏழாவதில் மட்டும் சிவப்பும் மஞ்சளும் இடம் மாறியிருக்கின்றன. முதலில் தவறு என்றுதான் நினைத்தேன். எண்ணிக்கை கச்சிதமாக இருப்பதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. யாரோ ஒருத்தி வேண்டுமென்றே செய்திருக்கிறாள்.

எங்கள் வீட்டில் கைவேலை என்றால் ஒயர் கூடைதான். தர்மபுரி பக்கம் எண்பதுகளில் ஒயர் கூடை பின்னாத வீடு குறைவு. அம்மா சிவன் கண் போடுவார், பெரியம்மா நெல்லிக்காய் முடிச்சில் கெட்டிக்காரி. அடி போடும்போது எண்ணிக்கை தப்பினால் பக்கம் ஏறும்போது கூடை ஒருபக்கமாக இழுக்கும். பெரியம்மா கையில் அதைக் கொடுத்தால் உள்ளே கையை விட்டு மூலையைத் தடவிப் பார்ப்பார். ‘ஏண்டி, அடியிலயே ஒண்ணு விட்டுட்ட, பிரிச்சிட்டுப் போடு’ என்பார், அவ்வளவுதான். ‘பரவால்ல, கையால பின்னது தானே’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் பார்த்ததில் நல்ல விமர்சகர் அவர்தான். பின்னத் தெரிந்தவர் பின்னியதைத் தடவிப் பார்த்துச் சொன்னார். நம்முடைய கைவினை எழுத்தில் இந்தத் தடவிப் பார்த்தல் சுத்தமாக இல்லை. எத்தனை பெண்களுக்கு வாழ்வு கிடைத்தது என்று எழுதுகிறோம் (அதுவும் தேவைதான்), தையல் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுவதில்லை.

2023 ஜூலையில் ஹம்பியில் ஜி20 பண்பாட்டுக் குழு கூடியபோது, சண்டூர் பகுதி லம்பாணிப் பெண்கள் 450 பேருக்கு மேல் சேர்ந்து செய்த 1,755 துணிகளைக் காட்சிக்கு வைத்துக் கின்னஸ் சாதனை ஆக்கினார்கள். பேப்பர்கள் எல்லாம் அந்த எண்ணிக்கையைப் போட்டன. தையலைக் கிட்டத்தில் போய்ப் பார்த்து எழுதிய செய்தி என் கண்ணில் படவில்லை. சண்டூர் வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. அதில் 14 வகைத் தையல் என்று கணக்கு. கிளன், வேலே, பக்யா, மக்கி, நாக்ரா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். 1,755 என்பதைவிட இந்த 14தான் எனக்குப் பெரிய செய்தி.

அடுத்தது விலை. உறையைப் பார்த்த என் நாத்தனார் கேட்ட முதல் கேள்வி, ‘இதுக்குப் போயி இவ்ளோ காசா அண்ணி? நானே போட்டுத் தந்திருப்பேனே.’ அவள் கெட்டிக்காரிதான். சில்க் த்ரெட் வளையல் சுற்றுவாள், இப்போது ஆரி வொர்க் கிளாஸ் போகிறாள். வளையலைத் தெரிந்தவர்களுக்கு நூல் விலைக்கும் வளையல் விலைக்கும் மேல் இருபது முப்பது ரூபாய் வைத்துக் கொடுத்துவிடுவாள். ‘சும்மா டிவி பாத்துக்கினு பண்றது தானே’ என்பாள். வீட்டில் செய்து பார்ப்பதில் இருக்கும் சிக்கலே இங்கேதான். பொழுதுபோக்காகச் செய்கிறவளுக்கு நேரம் செலவில்லை. அதே தெருவில் அதே வளையலை நம்பிப் பிழைக்கிறவளுக்கு நேரம்தான் மொத்த முதலீடும். ஒருத்தியின் ஆசை இன்னொருத்தியின் கூலியைக் குறைக்கிறது. ரெண்டு பேருக்கும் இது தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிரித்த நேரத்தை விட்டுவிட்டால், என் ஒரு கட்டத்துக்குப் பதினொரு மணி நேரம். ஒன்பது கட்டத்துக்கு 99 மணி. பழகிய கை இதில் கால்வாசி நேரத்தில் முடிக்கும் என்றே வைத்துக்கொள்வோம், கிட்டத்தட்ட 25 மணி, அதாவது எட்டு மணி நேர வேலை நாள் மூன்று. நூறு நாள் வேலைக்கு 2024-25இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். மண் வெட்டும் கூலியே மூன்று நாளுக்கு 957 ரூபாய் ஆகிறது. கைத்தறித் துணி, அவுரிச் சாயம், நூல், உறை தைத்த கூலி, பஸ், கடைக்காரர் பங்கு எல்லாம் இதற்கு மேல். இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதி நாத்தனாரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ‘அப்போ என் வளையலுக்கு நான் என்ன வெலை வெக்கணும்?’ என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் கேட்டாளே.

அதனால் வீட்டில் செய்து பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு கட்டமாவது போட்டுப் பாருங்கள், அதை விற்காதீர்கள் என்பேன்.

உறையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பெரியம்மாவுக்குத் துரோகம். லம்பாடி உடை என்றால் நமக்கு நினைவு வருவது கண்ணாடி, சோழி, காசு, தொங்கல், ஒரு விரற்கடை இடம் விடாத நிறைவு. நடக்கும்போது சத்தம் போடும் உடை அது. என் உறை அமைதியாக இருக்கிறது, ரொம்பவே அமைதியாக. கண்ணாடி இல்லை, சோழி இல்லை, முக்கால்வாசி வெறும் நீலம். சோபாவில் சாய்ந்தால் கண்ணாடி குத்தும், வாஷிங் மெஷினில் சோழி நிற்காது, இதெல்லாம் நியாயம்தான். ஆனாலும் வாங்குகிறவரின் வரவேற்பறைக்கு ஏற்றமாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்ட தையலாக எனக்குப் படுகிறது. தனக்காகப் போட்டுக்கொண்டபோது அவள் இப்படிப் போட்டிருப்பாளா? மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்காக ‘அசல் போச்சு’ என்று ஒப்பாரி வைப்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகத் திருப்பூருக்கு பஸ் ஏறுகிறார்கள். அங்கே போய் நாள் முழுக்க ஒரே காலரை, ஒரே கையை அடிக்க வேண்டும். அதுவும் தையல்தான். சொந்த ஊரில், தன் பாட்டியின் எண்ணிக்கையை வைத்து, சிவப்பை எங்கே மஞ்சளாக மாற்றுவது என்று தானே தீர்மானிக்கும் வேலையை இதோடு ஒப்பிட்டுத்தான் பேச வேண்டும். பெட்டிக்குள் மடித்துவைத்த பேட்டியாவோடு மட்டும் ஒப்பிட்டால் எப்படி?

என் கட்டம் நேற்று ராத்திரி முடிந்தது. முன்பக்கம் பார்க்கும்படி இருக்கிறது, பின்பக்கம் யாருக்கும் காட்டமாட்டேன். சண்டூரின் 14 பெயர்களில் இது எந்தத் தையல், அல்லது சிட்லிங்கியில் இதற்கு வேறு பெயரா என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. லம்பாடி பேசும் நண்பர்கள் யாராவது படித்தால் எழுதுங்கள், படம் அனுப்புகிறேன். நீலகிரியில் தோடர்கள் பூத்துக்குளியில் போடுவதும் இழை எண்ணிப் போடும் தையலே, 2013இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. மேட்டி துணி இன்னும் கால் மீட்டர் மிச்சம் இருக்கிறது, அடுத்து அதைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.