நடந்த குற்றம், எழுதிய கதை: மும்பை த்ரில்லரை எப்படி ரசிப்பது?

கல்யாணிலிருந்து சிஎஸ்எம்டிக்கு ஃபாஸ்ட் லோக்கலில் போனாலே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். உட்கார இடம் மட்டும் கிடைத்துவிட்டால் க்ரைம் நாவல் படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. புத்தகத்தில் வரும் ஊர்களெல்லாம் ஜன்னலுக்கு வெளியே வரிசையாக வந்து போகும்: தானே, குர்லா, சயான், மாட்டுங்கா, தாதர்.

மும்பையை வைத்து எழுதிய த்ரில்லரைப் படித்து முடித்ததும் எல்லோரும் கேட்பது, “இது நிஜமாவே நடந்துச்சா?” என்பதுதான். ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் ஒரு திருப்தி, அத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். அடுத்த முறை இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள். நடந்ததில் எதை எழுத்தாளர் அப்படியே வைத்துக்கொண்டார், எதை மாற்றினார், ஏன் மாற்றினார்? த்ரில்லரை இரண்டாம் தடவை படிக்க வைப்பது இந்தக் கேள்விதான்.

மேப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்

‘மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கினான்’ என்று ஒரு நாவல் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். மத்திய ரயில்வேயில் மாட்டுங்கா, மேற்கு ரயில்வேயில் மாட்டுங்கா ரோடு, ஹார்பர் லைனில் கிங்ஸ் சர்க்கிள் என்று அந்த வட்டாரத்துக்கு மூன்று ஸ்டேஷன்கள் உண்டு. ஆள் எந்த ஸ்டேஷனில் இறங்கினான் என்பதை வைத்தே அவன் எங்கிருந்து வருகிறான் என்று ஊகிக்கலாம். கல்யாணிலும் அப்படித்தான். தண்டவாளம் இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கசாரா வழியாக நாசிக் பக்கம், இன்னொன்று கர்ஜத் வழியாகப் புனே, சென்னை பக்கம். தப்பி ஓடுகிறவன் எந்தப் பக்க வண்டியில் ஏறினான் என்பதில் பாதிக் கதை அடங்கிவிடும். ஊரை நடந்து பார்த்து எழுதியவர் இந்த மாதிரி இடங்களில் தடுமாறமாட்டார்.

இன்னொரு வகைத் திறமையும் உண்டு. விக்ரம் சந்திராவின் ‘சேக்ரட் கேம்ஸ்’ 2006இல் வந்தது, ஏறக்குறைய 900 பக்கம். க்ரைம் நிருபர் உசேன் ஸைதியின் உதவியோடு போலீஸ்காரர்களையும் நிழலுலக ஆட்களையும் சந்தித்துப் பேசித்தான் சந்திரா அதை எழுதினார். ஆனால் தாதா கணேஷ் காய்தொண்டே சிக்கிக்கொள்ளும் கைலாஷ்பாடா எந்த மேப்பிலும் இல்லை. ஜன்னலே இல்லாத கான்கிரீட் கட்டடத்துக்குள் தாதா. வெளியே வெயிலில் இன்ஸ்பெக்டர் சர்தாஜ் சிங். கதவை உடைக்க புல்டோசர் வரும்வரை இருவரும் ஸ்பீக்கர் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள். 1991 நவம்பரில் லோகண்ட்வாலாவில் மாயா டோலாஸ் கும்பலைப் போலீஸ் சுற்றிவளைத்துச் சுட்டதை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி அதை நினைவூட்டும். அங்கே பேச்சுக்கு இடமே இல்லை, துப்பாக்கிகள்தான் பேசின. நாவலாசிரியர் சண்டையை நிறுத்திவைத்து, இரண்டு பேரைப் பேச விடுகிறார். கற்பனை வட்டாரம் ஒன்றைச் செய்துகொண்டதால் கிடைத்த சுதந்திரம் இது.

மாறிய இடத்தில் விரலை வையுங்கள்

நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடியிலிருந்து வந்து விக்டோரியா டெர்மினஸில் போர்ட்டராக வேலை பார்த்து, கள்ளச்சாராயத்தில் வளர்ந்து, மாட்டுங்காவில் பிரமாண்டப் பிள்ளையார் பந்தல் போட்ட வரதராஜ முதலியார்தான் ‘நாயகன்’ படத்துக்குத் தூண்டுதல் என்பது ஊரறிந்த விஷயம். படம் வந்தது 1987 தீபாவளிக்கு. அதன் நாயகன் வேலு நாயக்கர் கோர்ட்டில் விடுதலையாகி வெளியே வந்ததும், முன்பு தான் கொன்ற போலீஸ்காரரின் மகன் கையால் சாகிறார். அந்தக் காட்சியைத் தியேட்டரில் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது நிஜ வரதராஜன் சென்னையில் உயிரோடு இருந்தார். 1988 ஜனவரியில் மாரடைப்பில் காலமானார்.

நிஜத்தில் முடிவு வருவதற்கு முன்பே கதைக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. படத்தில் வரும் ‘நீங்க நல்லவரா, கெட்டவரா?’ என்ற கேள்விக்குக் கோர்ட் ஒரு தீர்ப்பு சொல்ல, கதை வேறொன்று சொல்கிறது. எங்கே வாழ்க்கையும் கதையும் பிரிகின்றனவோ, அங்கேதான் எழுத்தாளர் தன் மனதில் உள்ளதைச் சொல்கிறார்.

குற்றத்தை வைத்துக்கொண்டு ஊரை மாற்றியவர்களும் உண்டு. நியூயார்க்கில் மேரி ரோஜர்ஸ் என்ற பெண் 1841இல் ஹட்சன் ஆற்றில் பிணமாக மிதந்தாள். மறு வருடமே எட்கர் ஆலன் போ அவள் பெயரை மரீ ரோஜே ஆக்கி, பாரிஸில், ஸேன் ஆற்றில் கதையை நடத்தினார். நிஜ வழக்கில் துப்புத் துலங்கவே இல்லை. தூரத்து ஊரில் வைத்து அதைப் போ அலசிப் பார்த்தார்.

காவல் எல்லையைக் கவனியுங்கள்

கல்யாண் ஸ்டேஷன் பாலத்தில் ஒருவன் குத்துப்பட்டால் அது ரயில்வே போலீஸான ஜிஆர்பியின் வழக்கு. அவன் நாலு படி இறங்கி ரோட்டுக்கு வந்தபின் குத்துப்பட்டால் தானே கமிஷனரேட்டுக்குக் கீழ் வரும் நகரப் போலீஸின் வழக்கு. ‘இது எங்க எல்லை இல்லை’ என்ற ஒரு வாக்கியத்தில் எத்தனை மணி நேரம் கரையும்! கெட்டிக்கார எழுத்தாளர் அந்த நேரத்தைக் குற்றவாளிக்குக் கொடுப்பார். 1952இல் சென்னை ராயபுரத்தில் கொல்லப்பட்ட ஆளவந்தாரின் தலையில்லாத உடல், டிரங்குப் பெட்டியில் போட் மெயிலேறி மானாமதுரை வரை போனது நினைவிருக்கலாம். குற்றம் ஓர் ஊர், உடல் இன்னோர் ஊர். இதைவிட நல்ல முதல் அத்தியாயத்தைக் கற்பனையில் தேட வேண்டாம்.

சின்ன விவரம்தான் பெரிய விவரம்

1965, 66இல் ஜிஐபி என்று அப்போதும் ஜனங்கள் சொல்லிவந்த மத்திய ரயில்வே லைனின் ஓரம், குடிசைகளிலும் திறந்தவெளியிலும் தூங்கியவர்கள் இரவில் தாக்கப்பட்டார்கள். பத்தொன்பது பேர் அடிபட்டு, ஒன்பது பேர் இறந்தார்கள். 1968இல் மேற்குப் புறநகரிலும் கொலைகள் தொடர, அந்த ஆகஸ்டில் சப்-இன்ஸ்பெக்டர் அலெக்ஸ் ஃபியால்ஹோ பிடித்த ஆள்தான் ராமன் ராகவ். தம்பி, அண்ணா, வேலுசாமி என்று தமிழ்ப் பெயர்களிலும் உலவியவன். விசாரணையில் வாயே திறக்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டபோது கோழிக்கறி கேட்டான். சாப்பிட்டுவிட்டுத் தலைக்கு எண்ணெய், சீப்பு, கண்ணாடி கேட்டான். தலை வாரி, முகம் பார்த்துக்கொண்ட பிறகுதான் பேச ஆரம்பித்தான்.

எந்த நாவலாசிரியரும் இப்படிக் கற்பனை செய்யத் தயங்குவார். செய்தாலும் நாம் நம்பமாட்டோம். நிஜ வழக்கு எழுத்தாளருக்குத் தரும் வரவு இதுதான். ஸ்ரீராம் ராகவன் 1991இல் அவனைப் பற்றியே படமெடுத்தார். 2016இல் அனுராக் காஷ்யப் ‘ராமன் ராகவ் 2.0’ எடுத்தபோது, இது அவனைப் பற்றிய படமில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு, இன்றைய மும்பையில் ஒரு கொலைகாரனையும் ஒரு போலீஸ்காரனையும் எதிரெதிரே நிறுத்தினார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரே வழக்கு, இரண்டு கணக்கு.

செத்தவர் யார்?

கடைசிச் சோதனை இது. ராமன் ராகவ் பெயர் ஐம்பது வருடத்துக்கு மேலாக நிலைத்துவிட்டது. தண்டவாள ஓரம் இறந்தவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? பிழைக்க வந்து பிளாட்பாரத்தில் படுத்தவர்கள் அவர்கள். கொலைகாரனின் மூளைக்குள் புகுந்து வருகிற நாவல் இறந்தவரின் குடிசைக்குள்ளும் ஒரு தடவை எட்டிப் பார்த்ததா? பார்க்காவிட்டால், விறுவிறுப்பு எவ்வளவு இருந்தாலும் அது அரைக் கதைதான்.

நாஞ்சில் நாடனின் ‘எட்டுத் திக்கும் மதயானை’யை இந்தக் கண்ணோடு படியுங்கள். த்ரில்லர் அல்ல, ஆனால் ஊரைவிட்டு ஓடிய பூதலிங்கம் எப்படிப் படிப்படியாகக் கள்ளக்கடத்தலுக்குள் இழுக்கப்படுகிறான் என்பதைப் பம்பாயில் வேலை பார்த்து, ஊரை அறிந்தவர் எழுதியது. அடுத்து உசேன் ஸைதியின் ‘பிளாக் ஃபிரைடே’. 257 உயிர்களைக் குடித்த 1993 மார்ச் 12 குண்டுவெடிப்புகளைக் கற்பனை கலக்காமல் சொல்வது. இரண்டையும் முடித்துவிட்டு ‘சேக்ரட் கேம்ஸை’ எடுங்கள். இந்த வரிசையில் படித்தால், நடந்தது எது, நாவலாசிரியர் சேர்த்தது எது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.