‘ஹிச்கி’: வகுப்பில் போட்டுக் காட்டலாமா?

2018இல் வெளிவந்த ‘ஹிச்கி’ இந்திப் படத்தை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டலாமா என்று யோசிக்கும் ஆசிரியர்களுக்கு இந்தக் குறிப்பு. சித்தார்த் பி. மல்ஹோத்ரா இயக்கியது, ராணி முகர்ஜி நடித்தது. டுரெட் பாதிப்புள்ள அமெரிக்க ஆசிரியர் பிராட் கோஹனின் வாழ்க்கைதான் மூலம்.

ஆசிரியர் நைனாவுக்குக் கழுத்து வெட்டி இழுக்கும். தொண்டையிலிருந்து ஒலி வெடிக்கும். பல பள்ளிகள் வேலை தர மறுக்கின்றன. கடைசியில் யாரும் எடுக்க விரும்பாத 9எஃப் வகுப்பு கிடைக்கிறது. ராணியின் நடிப்பில் குறையில்லை. ஆனால் கதை சூடுபிடித்ததும் டிக் பின்னால் போய், வழக்கமான ‘நல்லாசிரியர்’ கதைதான் மிஞ்சுகிறது.

தலைப்பும் கொஞ்சம் இடறுகிறது. ஹிச்கி என்றால் விக்கல். விக்கல் வந்தால் ‘யாரோ நினைக்கிறாங்க’ என்று சொல்லித் தண்ணீர் கொடுப்போம், நின்றுவிடும். டிக் அப்படி நிற்காது. கொஞ்ச நேரம் அடக்கலாம், இமைக்காமல் இருப்பதுபோல. பிறகு வந்தே தீரும்.

படம் சொல்லாத இன்னொன்று: டிக் எல்லாமே டுரெட் இல்லை. தொடங்கி ஓராண்டு ஆகாவிட்டால் தற்காலிக வகை. அசைவு மட்டும், அல்லது ஒலி மட்டும், ஓராண்டுக்கு மேல் தொடர்ந்தால் நீடித்த வகை. பல அசைவுகளும் ஓர் ஒலியாவதும் இருந்து, ஓராண்டைத் தாண்டினால்தான் டுரெட். கெட்ட வார்த்தை வருவது டுரெட் உள்ளவர்களிலும் சிலருக்கு மட்டுமே.

பெரும்பாலும் 10 முதல் 12 வயதில்தான் டிக் கடுமையாக இருக்கும். அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும் காலம். உங்கள் வகுப்பில் நைனா இருக்க மாட்டார். விடாமல் கண் சிமிட்டும், மூக்கை உறிஞ்சும், தொண்டையைச் செருமும் பிள்ளை இருக்கலாம். தேக்காவில் அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் ‘கெட்ட பழக்கம், அதட்டி நிறுத்துங்க’ என்று சொல்ல ஆள் உண்டு. வலிப்போ என்று பயப்படும் பெற்றோரும் உண்டு. நாம் என்ன செய்கிறோம்? வாய்மொழித் தேர்வில் உரக்க வாசிக்கும்போது பதற்றத்தில் டிக் கூடும். அந்தச் செருமலை வாசிப்புத் தடுமாற்றம் என்று மதிப்பிட்டால், போவது பிள்ளையின் மதிப்பெண். தேசியத் தேர்வுகளில் சிறப்புத் தேவையுள்ளோருக்குத் தனி ஏற்பாடுகள் உண்டு. பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

படத்தின் சிறந்த இடம் ஒரு சின்னக் காட்சி. சிறுமி நைனாவை மேடைக்கு அழைத்து, நாங்கள் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்கிறார். மற்றவர்களைப்போல நடத்தினால் போதும் என்கிறாள். கேள்வி அருமை; மேடை மட்டும் வேண்டாம். எல்லார் முன்னாலும் நிற்கும்போது டிக் அதிகமாகலாம்.

ஆகவே, முழுப் படம் தேவையில்லை. இந்த ஒரு காட்சியைப் போடுங்கள். மூன்று வகைகளையும் இரண்டு நிமிடத்தில் விளக்குங்கள். வகுப்பில் டிக் உள்ள பிள்ளை இருந்தால், போடுவதற்கு முன்பே அந்தப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் தனியாகக் கேட்டுவிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.