நித்திரைச் சிகிச்சையும் காத்திருப்பவரும்

நித்திரையின்மைக்கான அறிதல் நடத்தைச் சிகிச்சை எந்த ஊருக்கும் பொருந்தும் என்கிறார்கள் அதன் ஆதரவாளர்கள். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையும் படுவான்கரையும் அந்த ஊர்களுக்குள் அடங்குமா?

சிகிச்சையின் தரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. நீடித்த நித்திரையின்மைக்குக் குளிசைக்கு முன் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. சில அமர்வுகளிலேயே பலன் தெரியும். 2004 சுனாமியிலிருந்து தப்பியவரின் கெட்ட கனவுக்கும் இதோடு தொடர்புடைய சிகிச்சை ஒன்று உண்டு.

வீட்டுச் சிக்கலும் பெரிதல்ல. நித்திரை வராவிட்டால் கட்டிலை விட்டு வேறு அறைக்குப் போகச் சொன்னார் ரிச்சர்ட் பூட்சின், 1972இல். ஒரே விறாந்தையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் வேறு அறைக்கு எங்கே போவது? ஆனாலும் படுக்கை நித்திரைக்கு மட்டுமே என்ற அவருடைய விதியை, விடிந்ததும் சுருட்டி வைக்கப்படும் நம் பாய் எப்போதோ நிறைவேற்றிவிட்டது. கெட்டிக்கார உளவளத்துணையாளர் மிச்சத்தைச் சமாளிப்பார்.

என் சண்டை சிகிச்சையின் அடித்தளத்தோடு. நித்திரையைக் கெடுத்த காரணம் ஓய்ந்த பிறகும் கெட்ட பழக்கம் தங்கிவிடுகிறது, அதைத் திருத்தினால் போதும் என்பது ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் வகுத்த கணக்கு. இங்கே காரணம் ஓயவில்லை. 1990 செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரைப் படையினர் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பவில்லை. அப்படி மகனைப் பறிகொடுத்த தாய் நடுச்சாமத்தில் படலைப் பக்கம் காது வைத்திருந்தால் அதைப் பழக்கக்கோளாறு என்பதா? உங்கள் எண்ணத்துக்கு ஆதரவாக என்ன சான்று, எதிராக என்ன சான்று என்று சிகிச்சை அவரிடம் கேட்கும். வருவான் என்பதற்குச் சான்றில்லை. வரமாட்டான் என்பதற்கு உடலும் இல்லை. அரசு பதில் சொல்லாமல் விட்ட கேள்வியை அந்தத் தாய்க்கு வீட்டுப்பாடமாகக் கொடுக்கிற காரியம் இது. இதை அறிவியல் என்று சொல்லிவிட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள் என்பதுதான் இதன் வசதி.

நித்திரை கொண்டால்தானே போராடத் தெம்பு வரும் என்பார்கள். சரி, அப்படியே சொல்லிக் கொடுங்கள். குணமாக்கினோம் என்று மட்டும் அறிக்கை எழுதாதீர்கள்.

போர்க்கால மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தெய்வமாடுவோரிடம் போய்க் கேட்டதை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் பதிவு செய்திருக்கிறார். கிடைத்த வாக்குகள் பலிக்காமல் போயிருக்கலாம். ஆனால் அங்கே போனவர் நோயாளியாகப் போகவில்லை, கேள்வியோடு போனார். நாலு பேர் காதில் அது விழுந்தது. மூடிய அறைக்குள் நடக்கும் அமர்வில் அதற்கு வழியில்லை.

எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை தடவை எழும்பினீர்கள் என்றெல்லாம் நித்திரைக் குறிப்பேடு கேட்கிறது. பின்னேரம் குடித்த தேநீருக்குக்கூட அதில் இடமுண்டு. யாருக்காக விழித்திருந்தீர்கள் என்று ஒரு வரி சேர்க்க எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை.