கூற்றும் பாத்திரமும்: டோல்கின் புதினத்தின் திரைவடிவத்தில் நிகழ்ந்த பாத்திர மாற்றங்கள்

1.0 முன்னுரை

வாசகர்களின் அன்புக்குரிய நூல் ஒன்று திரைப்படமாகும்போது ‘நூலில் உள்ளபடி இல்லை’ என்னும் குறை எழுவது இயல்பு. விடப்பட்ட நிகழ்ச்சிகளையும் சேர்க்கப்பட்ட நிகழ்ச்சிகளையும் பட்டியலிடுவதோடு அக்குறை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஒரு பாத்திரம் எவ்வழியில் வேறொரு பாத்திரமாகிறது என்னும் வினாவுக்கு அப்பட்டியல் விடை தருவதில்லை. அவ்வினாவை மொழிநிலையில் நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது ஜே. ஆர். ஆர். டோல்கின் எழுதி 1954-55ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்னும் மிகுபுனைவுப் புதினமும், பீட்டர் ஜாக்சன் இயக்கத்தில் 2001, 2002, 2003ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மூன்று திரைப்படங்களும் ஆகும். உலகை அடிமைப்படுத்தும் ஆற்றல் வாய்ந்த மோதிரம் ஒன்றை, அது உருவான எரிமலையிலேயே அழிப்பதற்காக ஃப்ரோடோ என்னும் சிற்றுருவினன் மேற்கொள்ளும் பயணமே கதை. மூன்றாம் படம் 2004ஆம் ஆண்டு பதினொரு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. தழுவல் திரைக்கதைக்கான விருதும் அவற்றுள் ஒன்று. எனவே இங்கு நாம் காணும் மாற்றங்கள் நூலைக் கல்லாதவர் கையால் நேர்ந்தவை அல்ல. நூலை நன்கு பயின்றோர் திட்டமிட்டுச் செய்தவை.

தம் புதினத்திற்காக முன்னர் எழுதப்பட்ட வேறொரு திரைக்கதை வரைவை 1958ஆம் ஆண்டில் படித்த டோல்கின், ஊடகம் வேறாயினும் கதைகூறலின் நெறிகள் முற்றிலும் வேறுபட்டுவிடா என்னும் கருத்தைத் தம் கடிதமொன்றில் வெளியிட்டார். அக்கருத்தை மறுக்க வேண்டியதில்லை; எனினும் எந்த நெறி பொது, எந்த நெறி வேறு என்று காண ஓர் அளவுகோல் தேவை. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர், களன் ஆகியவற்றைத் தனித்தனி உறுப்புகளாக எண்ணுகிறது. ஒரே சொல் கூறுவோர் மாறினும் கேட்போர் மாறினும் வேறு பொருள் கொள்ளும் என்பதை உணர்வதற்கு இப்பகுப்பு துணைசெய்கிறது. அதனையே இக்கட்டுரை அளவுகோலாகக் கொள்கிறது.

2.0 சொல் மாறாது கூறுவோர் மாறுதல்

ரோகன் நாட்டு அரசன் தியோடனின் மருமகள் எயோவின். நூலில் அவள் போரில் காயமுற்று மருத்துவ மனையில் கிடக்கும்போது, முதியவராகிய கேண்டால்ஃப் அவளுடைய அண்ணன் எயோமரிடம் அவள் உள்ளத்தை விளக்குகிறார். நோயுற்ற மன்னனுக்குப் பணிவிடை செய்தே கழிந்த அவளது தனிமையையும், நள்ளிரவில் அவள் இருளோடு பேசியிருக்கக் கூடியவற்றையும் அவர் எடுத்துரைக்கிறார். அண்ணன் அறியாதுபோன தங்கையின் துயரத்தை அவனுக்கு அறிவுறுத்தும் பரிவுக் கூற்று இது.

இரண்டாம் திரைப்படத்தில் இதே சொற்கள், சிறு மாற்றங்களோடு, மன்னனைக் கெடுக்கும் வஞ்சக அமைச்சன் கிரீமாவின் வாயில் வைக்கப்பட்டுள்ளன. கேட்பவள் எயோவினே. நூலில் ‘அவள்’ என்று படர்க்கையில் நின்றது படத்தில் ‘நீ’ என்று முன்னிலையாகிறது. அவ்வொரு மாற்றத்தால் பரிவு வலைவீச்சாக உருமாறுகிறது. அவளை உண்மையாகவே புரிந்துகொண்ட ஒருவன், அப்புரிதலையே கருவியாக்கி அவளை நெருங்குகிறான். கிரீமாவின் நஞ்சு மன்னன் செவியில் மட்டும் வீழவில்லை என்பதை நூலில் கேண்டால்ஃப் அவ்விடத்திலேயே உணர்த்துகிறார். ஆதலின் இம்மாற்றத்திற்கு நூலிலேயே இடமுண்டு. இதனை இழப்பு என்று கூறுதல் பொருந்தாது. நூல் குறிப்பாகச் சொன்னதைப் படம் காட்சியாக்கியது என்பதே பொருந்தும்.

இவ்வகை மாற்றம் பிறிதோரிடத்தும் நிகழ்கிறது. எயோவின் தன்பால் கொண்ட காதல் ஒரு நிழலின்மேலும் எண்ணத்தின்மேலும் கொண்ட காதலே என்று நூலில் அரகோர்ன் எயோமரிடம் கூறுகிறான். மூன்றாம் படத்தில் அதனை அவளிடமே நேரில் கூறிவிடுகிறான். படர்க்கை மீண்டும் முன்னிலையாகிறது. ஆயின் இங்கு விளைவு வேறு. நூலின் அரகோர்ன் அவள் முகத்துக்கு நேரே அதனைச் சொல்லாது காத்தது அவளது மானத்தைக் கருதியே. அவனுடைய பெருமை அந்த மௌனத்தில் உள்ளது. படத்தில் அம்மௌனம் இல்லை. தெளிவு கிடைக்கிறது, நாகரிகம் குறைகிறது.

3.0 எழுவாய் செயப்படுபொருளாதல்

நூலின் முதற்பகுதியில், காயமுற்ற ஃப்ரோடோ கிளார்ஃபின்டெல் என்னும் எல்ஃப் வீரனின் குதிரைமீது தனியனாக ஆற்றைக் கடக்கிறான். துரத்திவந்த கருங்குதிரை வீரர்களை அக்கரையில் நின்று திரும்பிப் பார்த்து, வலுவிழந்த குரலில் அவனே எதிர்த்துப் பேசுகிறான். அவ்வெதிர்ப்பால் பயன் விளையவில்லை. வெள்ளமே அவர்களை அடித்துச் செல்கிறது. எனினும் பேசியவன் அவன்.

படத்தில் கிளார்ஃபின்டெல் இல்லை. அரகோர்னின் காதலி ஆர்வென் ஃப்ரோடோவைத் தன் குதிரையில் ஏற்றிச் செல்கிறாள். பகைவருக்கு அறைகூவல் விடுப்பவளும் அவளே. நூலில் மிகச் சில இடங்களிலேயே தோன்றும் ஆர்வெனுக்குப் படத்தில் உயிரூட்ட வேண்டியிருந்தது என்பது ஏற்கத்தக்க காரணமே. ஆனால் அவளுக்கு அளிக்கப்பட்ட கூற்று வேறொருவனிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதைத் திறனாய்வாளர் பலர் கருதுவதில்லை. நூலில் எழுவாயாக நின்ற ஃப்ரோடோ இங்கே காக்கப்படும் செயப்படுபொருளாகிறான். ஒரு பாத்திரத்தை வளர்க்கும்போது அருகிலுள்ள பாத்திரம் தேய்வதுண்டு. தழுவலை மதிப்பிடுவோர் இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

4.0 வாக்கு நீங்குதல்

நூலை அறிந்தோரை மிகவும் வருத்திய மாற்றம் ஃபாரமிர் பற்றியதாகும். இவன் மோதிரத்தின் மயக்கத்திற்கு ஆட்பட்டு மடிந்த போரமிரின் தம்பி. நூலில், ஃப்ரோடோ சுமப்பது இன்னதென அறியாத நிலையிலேயே, அது வழியில் கிடந்தாலும் தான் எடுப்பதில்லை என்று ஃபாரமிர் கூறிவிடுகிறான். பின்னர் சாமின் வாய்தவறிய பேச்சால் உண்மை வெளிப்படுகிறது. அந்நொடியில் ஆபத்து இல்லாமலில்லை. ஆனால் அறியாது சொன்ன சொல்லையும் தான் கொடுத்த வாக்காகவே கொண்டு அதற்குக் கட்டுப்படுவதாக ஃபாரமிர் அறிவிக்கிறான்.

படத்தின் ஃபாரமிர் மோதிரத்தைத் தந்தையிடம் கொண்டு செல்ல முடிவு செய்து ஃப்ரோடோவை ஆஸ்கிலியத் நகர்வரை இழுத்துச் செல்கிறான். பின்னரே மனம் மாறி விடுவிக்கிறான். எல்லாரையும் மயக்கும் மோதிரத்தை ஒருவன் எளிதில் மறுத்துவிட்டால் அதன் அச்சம் குன்றும் என்பது திரைக்கதையாளர் கூறிய காரணம். மேலும், நூலின் இரண்டாம் தொகுதி இறுதியில் வரும் ஷீலாப் குகை நிகழ்ச்சி மூன்றாம் படத்திற்குத் தள்ளப்பட்டமையால், இரண்டாம் படத்தில் ஃப்ரோடோவின் கதைக்கு ஓர் உச்சம் தேவைப்பட்டது. நீட்டிக்கப்பட்ட பதிப்பில் சேர்க்கப்பட்ட காட்சி, தந்தையின் மதிப்பைப் பெறத் துடிக்கும் மகனாக அவனைக் காட்டி அவன் செயலுக்குக் காரணமும் தருகிறது.

இக்காரணங்கள் நிகழ்ச்சி அமைப்புக்குப் பொருந்துவனவே. ஆனால் அவை இழப்பின் இயல்பைத் தொடவில்லை. சொல்வதே செயலாகும் கூற்றுகள் உண்டென்பதை ஜே. எல். ஆஸ்டின் விளக்கினார், வாக்களித்தல் அத்தகையது. நூலின் ஃபாரமிர் சொல்லால் கட்டுண்டவன். படத்தின் ஃபாரமிர் எவ்வாக்கும் அளிக்கவில்லை. ஆதலின் அவன் இறுதிச் செயல் வாக்கைக் காத்தலன்று, கருத்தை மாற்றிக்கொள்ளுதலே. மயக்கத்தை வெல்லும் மனிதன் இரண்டிலும் உண்டு. சொல் தவறாத மனிதன் நூலில் மட்டுமே உண்டு.

அவன் மனமாற்றத்திற்குப் படம் காட்டும் தூண்டுதலும் நோக்கத்தக்கது. பழங்கதைகளின் மாந்தர் பின்வாங்காது சென்றமை பற்றிச் சாம் பேசுவதை அவன் கேட்கிறான். நூலில் அவ்வுரையாடல் மலைப்படிகளில், ஃப்ரோடோவும் சாமும் தனித்திருக்கையில் நிகழ்வது. நகைப்பும் களைப்பும் கலந்த நட்புரை. படத்தில் அது பிறர் செவியில் விழும் அறிவுரையாகிறது. இங்கு மாறியவை களனும் கேட்போரும் ஆகும்.

5.0 முன்னிலைப் பெயர்களும் மொழிபெயர்ப்பாளரும்

இதுவரை கண்டவை கூறுவோர், கேட்போர் மாற்றங்கள். இவற்றினும் நுட்பமான இழப்பு ஒன்று முன்னிலைப் பெயர்களில் உள்ளது. டோல்கின் தம் நூலைப் பழைய மொழி ஒன்றிலிருந்து பெயர்த்ததாகப் பாவனை செய்தவர். அம்மொழியின் முன்னிலைப் பெயர்களில் உரிமை வடிவமும் மரியாதை வடிவமும் வேறுபட்டிருந்தன என்றும், இன்றைய ஆங்கிலத்தில் அதனை முழுமையாகக் காட்ட இயலவில்லை என்றும் பின்னிணைப்பில் எழுதுகிறார். ஃப்ரோடோவின் நாட்டுப் பேச்சுவழக்கில் மரியாதை வடிவம் வழக்கொழிந்திருந்தது. ஆகவே இளைஞன் பிப்பின், கோண்டோர் நாட்டை ஆளும் டெனதோரையும் உரிமை வடிவத்தாலேயே அழைத்தான். அதனைக் கேட்ட பணியாளர் அவன் தன் நாட்டில் மிக உயர்ந்த நிலையினன் போலும் என்று கருதினர்.

ஆங்கிலம் மறைத்த இவ்வேறுபாட்டைத் தமிழ் இயல்பாகவே வெளிப்படுத்த வல்லது. பிப்பின் டெனதோரை ‘நீ’ என்றால் சிரிப்பும் அதிர்ச்சியும் ஒருங்கே பிறக்கும். எயோவின் அரகோர்னிடம் தன்னையும் உடன் அழைத்துச் செல்ல மன்றாடும்போது நூலில் ஆங்கிலத்தின் பழைய ஒருமை வடிவத்திற்கு மாறுகிறாள். அரகோர்ன் அவ்வடிவத்தைத் திருப்பித் தருவதில்லை. ‘நீங்கள்’ என்பதிலிருந்து ‘நீ’ என்பதற்கு அவள் மாறுவதும், அவன் மாறாது நிற்பதும் தமிழில் ஒரு சொல்லில் விளங்கிவிடும்.

திரைப்பட உரையாடலில் இச்சான்று எதுவும் இல்லை. அங்கு அவள் பொது வடிவத்தையே ஆள்கிறாள். அரகோர்னும் ஆர்வெனும் தனித்துப் பேசுகையில் எல்ஃப் மொழிக்கு மாறுவது நெருக்கத்தைக் காட்டும் நல்ல ஈடாக அமைகிறது. ஆயின் அந்த ஈடு பிப்பினுக்கும் எயோவினுக்கும் கிட்டவில்லை. எனவே படத்திலிருந்து மட்டும் குரல்மாற்று உரையாடல் எழுதுபவர் ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ ஆகியவற்றைத் தம் ஊகத்தால் பங்கிட நேரும். அவ்வூகம் ஒவ்வொன்றும் ஒரு பாத்திர மாற்றமே. யார் யாரை எவ்வடிவத்தால் அழைப்பர், எவ்விடத்தில் அது மாறும் என்று மூலநூலை நோக்கி அட்டவணை ஒன்று வகுத்துக்கொண்ட பின்னரே பணியைத் தொடங்குதல் வேண்டும். தம் நூலின் பெயர்களை மொழிபெயர்ப்போர் கையாள வேண்டிய முறைபற்றி டோல்கின் எழுதிய வழிகாட்டிக் குறிப்புகள் 1975ஆம் ஆண்டில் அச்சாயின. அவை பெயர்ச்சொற்களுக்குச் செய்த பணியை விளிமுறைக்கு நாமே செய்துகொள்ள வேண்டியுள்ளது.

6.0 முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, பாத்திர மாற்றம் நிகழ்ச்சி மாற்றத்தால் மட்டும் நேர்வதன்று. சொல் அப்படியே இருக்க, கூறுவோரும் கேட்போரும் மாறுவதாலும் நேர்கிறது. இரண்டாவது, அத்தகைய மாற்றம் எல்லாம் குற்றமாகா. கிரீமாவின் கூற்று நூலை ஆழமாகப் படித்ததன் பயன். மூன்றாவது, ஃபாரமிரின் வாக்கைப் போல, ஒரு பாத்திரத்தின் அடிப்படையே ஒரு சொற்செயலாக இருக்குமிடத்தில் அதனை நீக்கிவிட்டு வேறு நிகழ்ச்சியால் ஈடுசெய்ய இயலாது. மொழிபெயர்ப்பாளரும் தழுவலாளரே. தாம் பெயர்க்கும் வாக்கியத்தில் ஒருவர் செய்தி சொல்கிறாரா, வாக்கு அளிக்கிறாரா என்பதை முதலில் தெளிந்துகொள்வது அவர்தம் கடமையாகும்.