பெயர் தாங்காத பேழை: கையடக்க இசைக் கருவியும் பாடலாசிரியரும்

செய்யுள் மக்களைச் சென்றடையும் சாதனம் மாறுந்தோறும் அச்செய்யுளைப் பற்றிய மக்களின் அறிவும் மாறுகின்றது. ஏட்டுச் சுவடியிலிருந்து அச்சு நூலுக்குத் தமிழ் இலக்கியம் பெயர்ந்தமையால் ஏற்பட்ட விளைவுகள் பற்றி ஆராய்ச்சியாளர் பலர் விரிவாக எழுதியுள்ளனர். ஆயின், நம் காலத்தில் தமிழ் மக்கள் நாள்தோறும் அதிகமாக நுகரும் செய்யுள் வடிவம் திரைப்பாடலேயாகும். அப்பாடல் இன்று நூலிலோ இசைத்தட்டிலோ வாழவில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் கருவியொன்றில் வாழ்கின்றது. அக்கருவியின் விலை, ஒலித்திறன், மின்கலத்தின் ஆயுள் முதலியன பற்றி விளம்பரங்கள் நிறையவே பேசியுள்ளன. அதனை ஒரு பதிப்பாகக் கருதி, நூற்பதிப்பொன்றை மதிப்பிடும் அளவுகோலால் மதிப்பிடும் முயற்சி அரிதாகவே காணப்படுகின்றது. அம்முயற்சியே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை, இறிவஸ்டன், இலுக்கும்புற வழியாகப் பல்லேகமவுக்குச் செல்லும் மலைப்பாதை இவ்வாராய்வுக்கு நல்லதொரு களமாகும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் வளைவுகளிலே பேருந்து ஏறி இறங்கும்போது தொலைபேசிச் சமிக்ஞை அடிக்கடி அறுந்துபோகும். இணையவழியாக வரும் பாடல் அங்கே நின்றுவிடும். முன்னரே கருவிக்குள் ஏற்றி வைக்கப்பட்ட பாடலே பயணிக்குத் துணையாகும். ஆதலால், தனித்த இசைக் கருவியின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்ட பின்னரும், சேமித்த பாடலைக் கேட்கும் பழக்கம் இத்தகைய இடங்களில் மறையவில்லை. பேருந்திலே சாரதி ஒலிக்கவிடும் பாட்டு எல்லோர்க்கும் பொதுவானது. செவிக்குழாய் அணிந்த பயணியின் பாட்டு அவனுக்கே உரியது. ஒரே ஊர்திக்குள் இருவகைக் கேட்டல் முறைகள் அருகருகே நிகழ்கின்றன.

இத்தனிக் கேட்டலின் வரலாறு நெடியதன்று. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகஞ் செய்த ஒலிநாடாப் பேழை பாடலைச் சட்டைப்பையளவினதாக்கியது. சோனி நிறுவனம் 1979 யூலையில் யப்பானில் விற்பனைக்கு விட்ட வோக்மன் அதனை நடந்துகொண்டே கேட்கத்தக்கதாக்கியது. அம்முதற் கருவியின் அமைப்பில் விமர்சகன் கவனிக்கவேண்டிய செய்தியொன்றுண்டு. அதில் செவிக்குழாய் பொருத்த இரண்டு துளைகள் இருந்தன. இருவர் ஒரே பாடலைக் கேட்கலாம். நடுவே பேச விரும்பின் ஒரு பொத்தானை அழுத்தி, இசையைத் தாழ்த்தி, ஒருவர் குரலை மற்றவர் கேட்கலாம். ஒருவர் தனித்துக் கேட்பது அருகிலிருப்பவரைப் புறக்கணிப்பதாகும் என்ற தயக்கம் அக்கருவியைச் செய்தவர்க்கே இருந்தது. பின்வந்த மாதிரிகளில் அப்பொத்தான் கைவிடப்பட்டது. காலப்போக்கில் இரண்டாந் துளையும் மறைந்தது. யப்பானிய ஆய்வாளர் சூஹேய் ஹொசொகாவா 1984இல் வோக்மனின் விளைவு பற்றிக் கட்டுரை எழுதும் அளவுக்கு இப்பழக்கம் விரைந்து பரவியது.

ஒலிநாடாவைத் தொடர்ந்து எண்ணியல் முறை வந்தது. எம்.பி.3 எனும் சுருக்க முறையை ஆக்கியதில் ஜேர்மனியின் பிறவுண்கோபர் நிறுவனத்துப் பொறியியலாளர் முக்கிய பங்கு கொண்டனர். மனிதச் செவி தவறவிடும் ஒலிகள் எவை என ஆராய்ந்து, அவற்றை நீக்கிவிட்டு எஞ்சியதைச் சேமிப்பதே அம்முறையின் அடிப்படையாகும். 2001 ஒற்றோபரில் அப்பிள் நிறுவனத்தின் ஐபொட் 5 ஜிகாபைற் கொள்ளளவுடன், ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பையில் வைக்கலாம் என்ற வாக்குறுதியோடு வெளிவந்தது. 2005இல் அதே கருவியின் 2.5 அங்குலத் திரையில் அசையும் படமும் தோன்றியது. ஐபொட் வாங்க இயலாதோர்க்குச் சீனத்திலிருந்து வந்த மலிவான கருவிகள் இருந்தன. 2022 மேயில் ஐபொட்டின் உற்பத்தி நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கருவி மறைந்தபோதிலும் அது வகுத்துத்தந்த பட்டியல் முறை கைத்தொலைபேசிக்குள் புகுந்து நிலைத்துவிட்டது.

இக்கருவி அளித்த நன்மைகளை மறுப்பது நேர்மையாகாது. வானொலிக் காலத்தில் எப்பாடலை எப்பொழுது கேட்பது என்பதை நிலையமே தீர்மானித்தது. நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதியவர் கிழமைக்கணக்கிற் காத்திருந்தார். வீட்டில் ஒரேயொரு பெட்டி இருந்தவிடத்து அதன் திருகி மூத்தவர் கையிலேயே இருந்தது. கையடக்கக் கருவி அத்திருகியை இளைஞர்க்கும் பெண்களுக்கும் அளித்தது. ஒரு பாடலை ஒரே நாளிற் பத்துமுறை கேட்கவும், ஒரு வரியை நிறுத்தி மீளக் கேட்கவும் வாய்ப்பளித்தது. மீளக் கேட்டல் என்பது மீள வாசித்தல் போன்றதே. நுண்ணிய சுவைப்பின் தொடக்கம் அது. எனவே இக்கருவி பாடலை மேம்போக்காகக் கேட்கச் செய்தது என்று பழிப்போர் கூற்றுப் பொருந்தாது. அதன் குறை வேறிடத்தில் உள்ளது.

ஒரு பதிப்பின் முதற்கடமை, ஆக்கம் எது, ஆக்கியோர் யார் என அறிவித்தலாகும். எம்.பி.3 கோப்பினுள் இக்கடமையைச் செய்வதற்கென 1996இல் ஐ.டீ.3 எனும் குறிப்பு முறை உருவாயிற்று. கோப்பின் இறுதியில் 128 பைற்றுகள் கொண்ட சிறு பகுதி அதற்கென ஒதுக்கப்பட்டது. பாடலின் தலைப்புக்கு 30, கலைஞர் பெயருக்கு 30, தொகுப்பின் பெயருக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30 என இடங்கள் பங்கிடப்பட்டன. கலைஞர் என்றால் பாடியவர் என்பதே பெருவழக்காயிற்று. இயற்றியவர்க்கென ஓர் இடமுமில்லை. தமிழெழுத்துக்கும் அதில் முறையான இடமில்லை. டி. எம். சௌந்தரராஜன், பி. சுசீலா ஆகிய இருவர் பெயரையும் முதலெழுத்துகளோடு ஆங்கிலத்தில் எழுதினால் அந்த 30 இடங்கள் போதா. மேனாட்டு மெல்லிசைப் பாடகர் பலர் தம் பாடலைத் தாமே எழுதிப் பாடுவோர். அவர்க்கென வெட்டிய சட்டையையே தமிழ்த் திரைப்பாடலும் அணிந்துகொண்டது. ஐபொட்டின் பட்டியலில் இசையமைப்பாளர்க்குத் தனித் தலைப்பு இருந்தது, பாடலாசிரியர்க்கு இருக்கவில்லை. செவி தவறவிடும் ஒலிகளை நுணுகி ஆராய்ந்து நீக்கிய அதே காலத்தில், செவிக்குக் கேட்காத பாடலாசிரியர் பெயரும் ஆராய்ச்சியின்றியே நீங்கிற்று.

இதற்கு முந்திய சாதனங்கள் இவ்வாறிருக்கவில்லை. 1949இல் இலங்கை வானொலியெனப் பெயர்பெற்று, 1967இல் கூட்டுத்தாபனமாகிய நிலையத்தின் தமிழ் வர்த்தக சேவை ஈழத்திலும் தமிழகத்திலும் பெற்ற செல்வாக்கை அனைவரும் அறிவர். எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது முதலிய அறிவிப்பாளர் வளர்த்த மரபிலே, திரைப்படத்தின் பெயரோடு பாடியோர், இசையமைத்தோர், இயற்றியோர் பெயர்களும் பாடலின் ஓர் உறுப்பாகவே ஒலித்தன. எழுத்தறியாதவரும் கண்ணதாசனையும் மருதகாசியையும் பெயர் சொல்லிப் பேச அவ்வறிவிப்புத் துணைநின்றது. திரையரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகம் பாடலை எழுத்தாகக் கையிலே தந்தது. ஒலிப்பதிவு நிலையத்தில் நாடாவிற் பாட்டடித்துக் கொடுத்தவரும் பேழையின் உள்ளட்டையிற் சில விவரங்களையேனும் எழுதினார். சேமிப்பட்டையில் நூற்றுக்கணக்கான பாடல்களை ஒருசேர ஏற்றிக் கொடுக்கும் கடையில் அவ்வளவுகூட எழுதப்படுவதில்லை.

இன்னும் பின்னோக்கிச் செல்வோமாயின் வியப்பு மிகும். பரிபாடல் எழுபதில் இன்று முழுமையாகக் கிடைப்பன இருபத்திரண்டே. அவற்றுட் பலவற்றின் ஈற்றில் பாடிய புலவர் பெயரும், இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. உ. வே. சாமிநாதையர் 1918இல் அந்நூலை அச்சிட்டபோது இம்மூவகைச் செய்தியும் நம் கைக்கு வந்தன. செல்லரித்த ஓலை தாங்கிவந்த விவரத்தை, ஆயிரம் பாடல்களைத் தாங்கும் கருவி தாங்கவில்லை. குறுந்தொகையைத் தொகுத்தோரோ இதற்கும் ஒரு படி மேலே சென்றனர். புலவர் பெயர் மறைந்துபோன பாடல்களுக்கு, அப்புலவர் ஆண்ட தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் என வழங்கினர். பாடல் இருக்கையில் பாடியவன் பெயரின்றி இருத்தல் தகாது என்ற உணர்வு அதில் வெளிப்படுகின்றது. பெயர் தெரியாவிடத்துப் பெயர் தேடிக்கொடுத்த மரபுக்குரியோர், பெயர் நன்கு தெரிந்தவிடத்தும் அதனை இழக்கின்றனர்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் பெயருண்டா? மலையகத் தோட்டங்களிலே கொழுந்து பறித்தோரும் கவ்வாத்து வெட்டியோரும் பாடிய பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தபோது அவற்றை இயற்றியவர் பெயர்கள் கிடைத்தனவா? பெயரின்றியும் அவை வாழ்ந்தனவன்றோ என்பர். இத்தடை வலிமையுடையது போலத் தோன்றினும் இரு வேறு நிலைகளை ஒன்றாகக் கொள்கின்றது. நாட்டார் பாடல் பாடுவோர் ஒவ்வொருவராலும் திருத்தப்பட்டு, கூட்டப்பட்டு, குறைக்கப்பட்டு வளர்வது. அங்கே சமூகமே ஆசிரியன். திரைப்பாடல் ஒருவர் எழுதி, கூலி பெற்று, மாறாத ஒலிப்பதிவாக நிலைபெறுவது. அதன் பெயரின்மை சமூகத்தின் கூட்டுப் படைப்பால் விளைந்ததன்று. விற்பனைப் பொருளின் பெட்டியில் இடமில்லாமையால் விளைந்தது.

பெயர் தெரிவதால் யாது பயன் என்று வினவுவோரும் உளர். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் இருபத்தொன்பதாம் வயதிற் காலமானார். அவரை நாம் அறிவது பெரும்பாலும் அவரது திரைப்பாடல்களாலேயே. உழைப்போர் பக்கம் நின்ற அக்கவிஞரின் பெயரை அப்பாடல்களிலிருந்து நீக்கிவிட்டால் சில இனிய மெட்டுகள் எஞ்சும். ஒரு கவிஞர் இலக்கிய வரலாற்றிலிருந்து நீங்கிவிடுவார். வாலி எழுதிய பாடல்கள் பலவற்றைக் கண்ணதாசனுடையவையென மக்கள் மயங்கியமை பலரும் அறிந்தது. யார் எழுதியதென்று அறியாதவிடத்து, ஒருவர்க்கும் மற்றவர்க்கும் உள்ள நடை வேறுபாட்டையோ, ஒருவரின் தொடக்ககால ஆக்கத்துக்கும் முதிர்ந்த ஆக்கத்துக்கும் இடையிலான வளர்ச்சியையோ பேசுதல் இயலாது. அவ்வாறு பேசவியலாதவிடத்து விமர்சனம் என்பதும் இல்லை. பிடித்தது, பிடிக்கவில்லை என்ற இரண்டே சொற்கள் எஞ்சும்.

கருவியில் படமும் சேர்ந்தபின் இந்நிலை மேலும் தடித்தது. பாடலை நடிகரின் பெயரால் எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு எனச் சுட்டும் வழக்கம் பழையதே. அதற்குக் கையடக்கக் கருவியைக் குற்றஞ்சாட்டுதல் முறையன்று. தமிழ்த் திரைப்படத்தை அரசியற் சாதனமாகக் கண்டு 1981இல் நூலெழுதிய கா. சிவத்தம்பி போன்றோரின் ஆராய்ச்சி, நடிகரின் திரையுருவம் மக்களிடையே பெற்ற ஆற்றலை உணர்த்தியுள்ளது. ஆயினும் வானொலி கேட்ட காலத்தில் நாளின் பெரும்பகுதி முகமின்றிக் குரலாகவே பாடல் வந்தது. சொல்லுக்குச் செவி திறந்திருந்தது. சிறு திரையில் முகம் முன்னே நிற்க, சொல் அதன் உதட்டசைவாகச் சுருங்கிற்று.

இக்குறை தொழில்நுட்பத்தின் தவிர்க்கவொண்ணா விதியன்று என்பதே இங்கு முடிவாகக் கொள்ளத்தக்கது. 1998இல் வந்த இரண்டாம் ஐ.டீ.3 முறையில் பாடலாசிரியர்க்கெனத் தனியிடம் வகுக்கப்பட்டது. யுனிகோட் வழியாகத் தமிழெழுத்துக்கும் அங்கே இடங் கிடைத்தது. இணையவழி இசைச் சேவைகள் சிலவும் எழுதியோர் பெயரை, தேடிச் சென்றாற் காணத்தக்க ஒரு மூலையில், இன்று தருகின்றன. இடம் உண்டு, நிரப்புவார் குறைவு. பாடலைப் பகிரும் மாணவன் அவ்விடத்தில் ஆசிரியர் பெயரை எழுதிப் பகிர்வானாயின் அது சிறிய பதிப்புப் பணியே. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் தம் கலைவிழாக்களில் மெல்லிசை நிகழ்ச்சி நடத்தும்போது, பாடுவோர் பெயரோடு இயற்றியோர் பெயரையும் அறிவிக்கும் பழைய வானொலி மரபை மீட்டெடுத்தல் எளிது. இவற்றுக்குப் பணமோ நுட்பமோ பெரிதும் வேண்டா.

களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகர் 2018ஆம் ஆண்டளவில் நீருக்கு விடப்பட்டது. கடைவீதியும் கட்டடங்களும் போயின; மக்கள் மேட்டில் அமைந்த புதிய நகருக்குப் பெயர்ந்தனர். எனினும் லக்கலை, பல்லேகம எனும் இரு பெயர்களும் பிரதேச செயலகப் பிரிவின் பெயராக இன்றும் நிலைத்துள்ளன. இடம் பெயர்ந்தோர் பெயரைக் கைவிடவில்லை. தட்டிலிருந்து நாடாவுக்கும், நாடாவிலிருந்து கோப்புக்கும், கோப்பிலிருந்து கைத்தொலைபேசிக்கும் பாடலைப் பெயர்த்துச் செல்வோர் செய்யவேண்டியதும் அதுவே.