அறுபது வயது விரலுக்கு நெயில் பாலிஷ்: செயலி எவ்வளவு தூரம் உதவும்?

குப்பியில் ஒரு நிறமாக இருக்கும் நெயில் பாலிஷ், நகத்தில் ஏறினால் வேறொன்றாகத் தெரியும். வயதான கையில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். தோல் மெலிந்து நரம்பு எழும்பியிருக்கும், புறங்கையில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கும், நகத்தில் நெடுக்காகக் கோடுகள் ஓடும். கடையில் நின்று குப்பியை மட்டும் பார்த்து இதையெல்லாம் கணக்குப் போட முடியாது.

அதற்குத்தான் 'வர்ச்சுவல் ட்ரை-ஆன்' வந்திருக்கிறது. கைபேசி கேமராவுக்கு முன்னால் விரலை நீட்டினால், நகத்தில் சாயம் பூசியதுபோல் திரையில் காட்டும். தனிச் செயலிகளும் உண்டு, அழகுப் பொருள் விற்கும் தளங்களிலும் இந்த வசதி இருக்கிறது. 2018-இல் அழகுப் பொருள் நிறுவனமான லோரியால், கனடாவின் மோடிஃபேஸ் நிறுவனத்தை வாங்கியது இந்த மாதிரி வித்தைகளுக்காகத்தான். ஆனால் விளம்பரங்களில் நீளும் கைகளெல்லாம் இருபத்தைந்து வயதுக் கைகள். ஆகவே என் கையையும் அக்காவின் கையையும் வைத்துச் சில செயலிகளைச் சோதித்தேன். நான் மாநிறம். அக்கா என்னைவிடக் கறுப்பு, விரல் மூட்டுகள் பெருத்தவள்.

படத்தில் எது நகம், எது தோல் என்று செயலி முதலில் பிரித்தாக வேண்டும். மொத்தப் படத்தில் நகம் மிகச் சின்ன இடம். விரலை நேராக நீட்டி அசையாமல் வைத்தால் ஓரளவு சரியாகப் பூசுகிறது. கொஞ்சம் மடக்கினாலும் சாயம் தோலில் வழிகிறது. ஒட்ட வெட்டிய நகமென்றால் நுனிச் சதைக்கும் சேர்த்துப் பூச்சு. அக்கா விரலில் மருதாணி வைத்திருந்தாள். ஒரு செயலி அவள் விரல் நுனி முழுவதையும் நகமென்றே எடுத்துக்கொண்டது.

அதைவிடப் பெரிய தொல்லை, சில செயலிகளும் கைபேசிக் கேமராக்களும் தாமாகவே செய்யும் அழகூட்டல். புள்ளிகள் மறைகின்றன, சுருக்கம் நீங்குகிறது. திரையைப் பார்த்த அக்கா, "இது யார் கைடி?" என்றாள். அந்த அழகூட்டலை அணைத்துவிட்டுத்தான் நிறம் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கைக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்துக்கொண்டால் நிறம் ஏறக்குறைய உண்மையாகத் தெரியும். மஞ்சள் பல்பின் கீழ் பார்த்தால் எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்பு.

இப்படிப் பார்க்கும்போது செயலி ஒரு வேலையை நன்றாகவே செய்கிறது. எந்த நிறக் குடும்பம் நமக்கு ஆகாது என்பதைச் செலவில்லாமல் சொல்லிவிடுகிறது. தோலைவிட வெளுத்த 'நியூட்' வகைகளும் பால் கலந்தது போன்ற வெளிர் நிறங்களும் எங்கள் இருவர் கையிலும் சுண்ணாம்பு தடவியதுபோல் நின்றன. கை சாம்பல் பூத்துத் தெரிந்தது. வெளிர் கத்தரிப்பூ நிறம் புறங்கை நரம்பின் நீலத்தை இன்னும் எடுத்துக் காட்டியது. புடவைக் கடை பாஷையில் சொன்னால், எனக்கு மாந்தளிரும் செங்கல் சிவப்பும் பொருந்தின, அக்காவுக்கு அரக்கு. வயதான கையில் அடர் நிறம் கூடாது என்று அழகுக் குறிப்புகளில் எழுதுவார்கள். நம் தோலுக்கு அதை நான் ஏற்க மாட்டேன். நகத்தை ஒட்ட வெட்டி, ஓரத்தை வளைவாக அராவியிருந்தால் அரக்கு கம்பீரமாகவே இருக்கிறது.

எலிசபெத் ராணி 1989-லிருந்து எஸ்ஸி நிறுவனத்தின் 'பாலே ஸ்லிப்பர்ஸ்' என்ற வெளிர் ரோஜா நிறத்தையே பூசிவந்தார் என்பார்கள். அந்தக் குப்பியை நாம் வாங்கிப் பிரயோஜனமில்லை. அவர் தோலோடு ஒட்டிய நிறம் அது, அதனால் கையை உறுத்தவில்லை. அதே கணக்கு நம் கைக்கு வரும்போது பழுப்பு கலந்த ரோஜாவில் போய் நிற்கும். செயலியில் இந்த இரண்டு நிறத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

செயலி கோட்டை விடுவது நகத்தின் மேற்பரப்பில். அது ஒரே சீரான சாயத்தைப் போட்டு, அதன்மேல் தானே ஒரு பளபளப்பையும் வைக்கிறது. வெள்ளி மினுங்கும் ஃப்ராஸ்ட் வகை திரையில் அபாரம். நிஜ நகத்தில் அந்த மினுக்கம் ஒவ்வொரு கோட்டின் மேட்டிலும் வெளிச்சத்தைப் பிடித்து, கோட்டை எண்ணிக் காட்டும். மினுக்கமில்லாத க்ரீம் வகைதான் கோட்டை அடக்கும், அதுவும் அடியில் ரிட்ஜ் ஃபில்லர் என்ற பூச்சு ஒரு கை போட்டால். கண்ணாடிபோல் மெல்லிய பூச்சுகளிலும் ஏமாற்றம்தான். நகத்தின் சொந்த நிறம் கீழே தெரியும் என்பதைச் செயலி கணக்கில் எடுப்பதில்லை. வயதில் மங்கி மஞ்சளித்த நகத்தில் வெளிர் ரோஜா அழுக்காகத்தான் தெரியும். போதாததற்கு நம் சமையலறை மஞ்சள்தூள். சாம்பார் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிடும் வீட்டில் வெளிர் நிறம் எத்தனை வேளை தாங்கும்?

ஆகவே நிறக் குடும்பத்தைத் திரையில் முடிவு செய்துகொண்டு, கடைசித் தீர்ப்பைத் தெருமுனை ஃபேன்சி ஸ்டோரில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் ஒரு நகத்தில் தீட்டிக் காட்டுவார்கள். வெளியே வந்து வெயிலில் பாருங்கள். கோடு அதிகமுள்ள நகமாகப் பார்த்து நீட்டுவது நல்லது, அநேகமாக அது கட்டைவிரல். அடர் நிறத்துக்கு அடிப்பூச்சு கட்டாயம். இல்லாவிட்டால் அழித்த பிறகும் நகத்தில் மஞ்சள் கறை நிற்கும். அசிட்டோன் நகத்தை வறட்டும் என்பதால், ஏற்கெனவே உடையும் நகமுள்ளவர்கள் அசிட்டோன் இல்லாத ரிமூவர் வாங்கலாம்.

எந்தச் செயலியும் சொல்லாத ஒன்று: ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரின் அளவை அடர்ந்த நெயில் பாலிஷ் குழப்பக்கூடும். பரிசோதனைக்குப் போகும் நாளில் ஒரு விரலையாவது வெறுமையாக விடுங்கள்.

நிறம் பார்ப்பதற்கென்று தனிச் செயலி இறக்கத் தேவையில்லை. நான் பார்த்ததில் சில, நகத்துக்குச் சம்பந்தமில்லாத அனுமதிகளையெல்லாம் கேட்டன. பிரவுசரிலேயே ஓடும் வசதி உள்ள தளங்கள் இருக்கின்றன. கேமராவுக்கு மட்டும் அனுமதி கொடுத்துப் பார்த்துவிட்டு மூடிவிடலாம்.