ஒரே மெட்டுக்கு எத்தனை ஊர்?

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையேயுள்ள மண்டகப்பட்டுக்கு, மகேந்திர பல்லவன் குடைவித்த குகைக் கோயிலைக் காணச் சென்று திரும்பிக்கொண்டிருந்தோம். பேருந்தில் ‘அலைபாயுதே’ படப் பாடல் ஒன்று ஒலித்தது. பின்னிருக்கையில் இருந்த கல்லூரி மாணவர் அதே மெட்டை இந்திச் சொற்களோடு முணுமுணுத்து வந்தார். நம்முடன் வந்த நண்பருக்குப் பொறுக்கவில்லை. “ஏ. ஆர். ரஹ்மான் அரைத்த மாவையே அரைக்கிறார். இங்கே விற்றதை வடக்கே கொண்டுபோய் மறுபடி விற்கிறார்” என்றார்.

நண்பரின் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. 2000இல் வெளிவந்த ‘அலைபாயுதே’யின் மெட்டுகள், 2002இல் அதன் இந்தி வடிவமான ‘சாத்தியா’வில் குடியேறின. 1999இல் ‘முதல்வ’னில் ஒலித்த ‘ஷக்கலக்க பேபி’, 2001இல் இந்தி ‘நாயக்’கிலும், 2002இல் லண்டனில் அரங்கேறிய ‘பாம்பே ட்ரீம்ஸ்’ இசை நாடகத்திலும் இடம் பெற்றது. ஒரு மெட்டுக்கு மூன்று ஊர்! ஆனால் காலையில் அந்தக் குகையின் முன் நின்று, அடியும் முடியும் சதுரமாய், நடுவே எட்டுப் பட்டையாய் அமைந்த தூணைப் போற்றியவரும் இதே நண்பர்தாம். தளவானூரிலும் மாமண்டூரிலும் பல்லாவரத்திலும் அந்தத் தூண் அமைப்பே திரும்ப வருகிறது. அதை நினைவூட்டினோம். கல் வேறு, இசை வேறு என்று சொல்லிவிட்டார்.

மெட்டைத் திரும்ப எடுத்தாள்வது நமக்குப் புதிதன்று. நம் பாட்டனார் காலத்துச் சிறு பாட்டுப் புத்தகங்களைப் புரட்டியோர் அறிவர். பாட்டின் தலைப்பிலேயே இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று அச்சிட்டிருப்பார்கள். மேடையில் பிறந்த மெட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புகழ்ப் பாட்டாகி, நம் வீடுகளில் பாடப்பட்டது. அதைக் களவு என்று எவரும் சொல்லவில்லை. எனவே மெட்டு இடம் பெயர்ந்ததா என்பது கேள்வியே அன்று. பெயர்ந்த இடத்தில் அது வேர் பிடித்ததா என்பதே கேள்வி.

ரஹ்மானின் கையில் சரக்கு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 1992இல் ‘ரோஜா’ வந்தபோது, இது விளம்பர இசைக்காரரின் நகரத்துக் கைவேலை என்றனர். மறு ஆண்டே பாரதிராஜாவின் ‘கிழக்குச் சீமையிலே’ அந்தப் பேச்சை நிறுத்தியது. அதே 1993இல் ‘திருடா திருடா’வில், வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு மனிதக் குரல்களைக் கொண்டே ஒரு பாட்டை எழுப்பினார். மறைந்த ஷாகுல் ஹமீது அதைப் பாடினார். அந்தக் குரலின் மண்வாசனையை இன்று கேட்டாலும் நெஞ்சு கனக்கிறது. 1994இல் ‘டூயட்’டில் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன், 1997இல் ‘இருவ’ரில் பழைய திரைப்பாடல்களின் நடை. இத்தனை நடை தெரிந்தவர் ஏன் பழையதைத் தொடவேண்டும் என்பதுதான் நண்பரின் ஆதங்கமும்.

சொல் இல்லாத இடத்தில் அவருடைய மறுபயன்பாடு நன்றாகவே பலித்திருக்கிறது. 1995இல் ‘பம்பாய்’ படத்துக்காக அமைத்த கருவியிசையை நினைத்துப் பாருங்கள். 1992-93 கலவரத்தின் துயரத்தைச் சுமந்த அந்தப் புல்லாங்குழல், 1996இல் ‘ஃபயர்’ படத்திலும், 2002இல் பாலஸ்தீன இயக்குநர் எலியா சுலைமானின் ‘டிவைன் இன்டர்வென்ஷ’னிலும், 2005இல் ‘லார்ட் ஆஃப் வா’ரிலும் ஒலித்தது. துயரத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சொல் வந்தவுடன் சங்கடம் தொடங்குகிறது. பஞ்சாபி ஸூபிக் கவிஞர் புல்லே ஷாவின் ‘தையா தையா’வை, 1998இல் ‘தில் ஸே’ படத்தில் குல்ஸார் நிழலைக் குறிக்கும் ‘சைய்யா’ ஆக்கினார். தமிழில் ‘உயிரே’ வந்தபோது அது மீண்டும் ‘தையா’ ஆயிற்று. வடக்கே விட்ட சொல் தெற்கே திரும்பியது. நமக்கு அது ஆட்டத்தின் தாளச் சொல்லாகவே பொருந்திவிட்டது. ஆனால் இது நல்வாய்ப்பு. இந்தி உதட்டசைவுக்குத் தமிழை வெட்டித் தைத்த படங்களில் நம் சொற்கள் வாடகை வீட்டில் கூசிக் குடியிருப்பவை போல நிற்கின்றன. நெடில் வரவேண்டிய இடத்தில் குறில்; மூச்சு விடவேண்டிய இடத்தில் ஒற்று. 2010இல் ‘ராவணன்’ இரு மொழியிலும் தனித்தனியே படமானது. தமிழில் வைரமுத்துவும் இந்தியில் குல்ஸாரும் எழுதினர். அங்கே தமிழ் யாருக்கும் வாடகை கொடுக்கவில்லை.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். சிறு சொற்றொடர் ஒன்று நிலைத்த சுருதியின்மேல் சுழன்று சுழன்று, அடுக்கடுக்காய்க் குரல் சேர்ந்து உயர்வது அவருக்குப் பிடித்த முறை. திக்று மஜ்லிஸில் அமர்ந்தவர்களுக்கு அதன் வேர் விளங்கும். 2008இல் ‘ஜோதா அக்ப’ரின் க்வாஜா பாட்டிலும், 2011இல் ‘ராக்ஸ்டா’ரின் ‘குன் ஃபயகூ’னிலும் அது உண்மையான உருக்கம் தந்தது. பிறகு வந்தவர்கள் தர்காக் காட்சி என்றாலே ஆர்மோனியம், கைத்தட்டு, கூட்டுக்குரல் என்று ஆக்கிவிட்டனர். பக்தி ஓர் உடுப்பாகிவிட்டது. இதற்கு அவர் முழுப்பொறுப்பு அல்லர். ஆயினும் வழி திறந்தவர் அவரே. 2009இன் ‘தில்லி-6’ படத்திலிருந்து ‘மஸக்கலி’யைப் பிறர் எடுத்து 2020இல் மாற்றி வெளியிட்டபோது, அவரே மனம் நொந்து வெளிப்படையாகப் பேசினார். தம் மெட்டைத் தாம் எடுப்பதும் பிறர் எடுப்பதும் ஒன்றல்லவே!

நம் மனக்குறை வேறு. அவருடைய ஸூபிப் பாடல்களில் உலகம் பேசுபவை பெரும்பாலும் இந்திப் படங்களுக்கே பிறந்தவை. தமிழ் முஸ்லிமின் இசை கவ்வாலி அன்று. அது குணங்குடி மஸ்தான் சாகிபின் கண்ணிகள். நாகூர் ஹனீபாவின் கம்பீரம். தப்ஸ் அடித்துப் பாடும் பக்கீரின் தாளம். இது அவர் அறியாததன்று. ‘ரோஜா’வுக்கு முன்பே, 1989இல், ‘தீன் இசை மாலை’ என்று தமிழில் இசுலாமியப் பாடல் தொகுப்புக்கு இசையமைத்தவர் அவர். பழையதை மறுபடி எடுக்கத்தான் வேண்டுமென்றால் அங்கிருந்து எடுக்கட்டுமே.

விழுப்புரத்தில் இறங்கும்போது இதைச் சொன்னோம். நண்பர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, “எடுப்பார். ஆனால் அதையும் முதலில் இந்திக்குத்தான் கொடுப்பார்” என்றார்.